எட்டு மணி அறிக்கை

பர்னபா கோயிலில் எங்கேயும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. முதல் கல்யாணம் என்றால் விவாக அறிக்கையைப் பத்து மணித் தமிழ் ஆராதனையில் வாசிப்பார்கள். இரண்டாம் கல்யாணம் என்றால் எட்டு மணி இங்கிலீஷ் ஆராதனையிலேயே வாசித்து முடித்துவிடுவார்கள்.

இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை அறிந்தவர் யாராவது இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சபையில் கேட்க வேண்டும். எந்த ஆராதனையில் கேட்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மணிக்கு வருகிறவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எஸ்டேட் மானேஜர்கள், போர்டிங் ஸ்கூல் வாத்தியார்கள், சீசனுக்கு வந்து தங்கியிருக்கும் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்குத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் யார் யாருடைய பெண்டாட்டி என்று தெரியாது. பத்து மணிக்கு வருகிறவர்கள் இருநூறு பேர். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்த வழக்கம்.

அப்படிக் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு 'எட்டு மணிக்காரங்க' என்றே பெயர். கோயில் கேட்டுக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கும் பேச்சியக்கா மாரியம்மனைக் கும்பிடுகிறவள். கோயிலுக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. ஆனாலும் யார் எட்டு மணி, யார் பத்து மணி என்ற கணக்கு அவளிடம் இருந்தது.

"இம்மாம் பெரிய மணியக் கட்டி வெச்சிருக்கீங்க. கண்ணாலத்த மட்டும் காதோட காதா சொல்லிக்கிறீங்களே, அது ஏனுங்க?" என்று பாட்டுக் குழுவுக்கு டீ கொண்டுவரும்போதெல்லாம் கேட்பாள்.

பியூலாவுக்குப் பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. அவளுடைய அப்பா பிரைட்டன்தான் அந்தக் கோயிலின் கோயில்பிள்ளை. கதவு திறப்பது, மணியடிப்பது, கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்குவது அவர் வேலை. தரை கழுவுவது, பெஞ்சுகளுக்கு மெழுகு போடுவது, பீடத்துத் துணிகளைத் துவைத்துத் தேய்ப்பது அவர் வீட்டுப் பெண்பிள்ளையின் வேலை. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் இரண்டறை வீடு இந்த இரண்டு வேலைக்கும் சேர்த்துத்தான். அம்மா நான்கு வருடத்துக்கு முன்னால் சிறுநீரகம் கெட்டு இறந்தபோது, துடைக்கக் கழுவ ஆள் இல்லாத குடும்பத்துக்கு வீடு எப்படிக் கொடுப்பது என்று கமிட்டியில் பேச்சு வந்தது. பியூலா அப்போது ஒன்பதாம் வகுப்பு.

"ஒரே ஒரு வருசம் கண்ணு. அதுக்குள்ள வேற ஏற்பாடு பண்ணீர்றேன். அடுத்த ஜூன்ல நீ மறுக்காப் போயி சேந்துக்கலாம்" என்றார் அப்பா.

நான்கு ஜூன் போய்விட்டது. அவள் நினைவுபடுத்தவில்லை. ஒன்றைக் கேட்பதென்றால் அவளுக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், சந்தேகம் கேட்க எழுந்து நிற்பதற்குள் மணி அடித்துவிடும். கோயில் வேலை அவளுக்குப் பொருந்தியது. அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை.

கோயிலைக் கட்டி நூற்றைம்பது வருடம் தாண்டிவிட்டது. கீழே கருங்கல், மேலே சுண்ணாம்புச் சுவர். ஜன்னல் திட்டில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், சுவர் அவ்வளவு கனம். கூரையின் உட்பக்கம் முழுக்கத் தேக்குச் சட்டங்கள் வளைந்து வளைந்து போகும். கிழக்கே பீடத்துக்குப் பின்னால் மூன்று பாகமாக வண்ணக் கண்ணாடி. மேற்கே சதுரமான கோபுரம். கோபுரத்துக்கு அடியில் ஒரு சின்ன அறை. மணிக் கயிறு அங்கேதான் தொங்கும். வாளி, துடைப்பம், மெழுகு டப்பா எல்லாம் அங்கேதான். அந்த அறைக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு மரத்தட்டி. உள்ளேயிருந்து பார்த்தால் கோயில் தெரியும், கோயிலிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பவர் தெரியமாட்டார்.

அந்தக் கூரையில் ஒரு விசேஷம் இருந்தது. முன்னால் கழுகு வடிவப் பித்தளைத் தாங்கியின் மேல் வேதப்புத்தகத்தை விரித்து வாசிப்பவரின் குரல் நடு பெஞ்சுகளில் இருப்பவர்களுக்குப் பாதிதான் கேட்கும். மீதி மேலே ஏறி, வளைவு வழியாகவே ஓடி, கோபுர அறையில் வந்து இறங்கும். பக்கத்தில் நின்று காதில் சொல்வது போல இருக்கும். ஒரு முறை சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர்கள் நான்கு பேர் வந்து, ஆளுக்கொரு மூலையில் நின்று கைதட்டித் தட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு அப்பா, "கை தட்டறதுக்கு இவ்வளவு படிப்பு படிக்கோணுமா" என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

சுவரெல்லாம் இங்கிலீஷில் பொறித்த பித்தளை நினைவுத் தகடுகள். குதிரையிலிருந்து விழுந்து செத்த துரை, காலராவில் போன துரைசானி, பிறந்து ஒன்பது நாளில் போன குழந்தை. மாதத்துக்கு ஒரு தடவை பியூலா எல்லாத் தகடுகளையும் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்குவாள். தேய்க்கும்போது எழுத்து எழுத்தாகப் படிப்பாள். தெரியாத வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டு போய், ஆராதனை நடத்தும் ஆயரின் அறை அலமாரியில் கிடக்கும் பழைய அகராதியில் பார்ப்பாள். அகராதியின் முதல் நூறு பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது; அந்த எழுத்துகளில் ஆரம்பிக்கும் வார்த்தைகளை அவளே யூகித்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோபுர அறையில் நின்று, படித்த வார்த்தைகள் ஆயரின் வாயிலிருந்து வரும்போது எப்படி ஒலிக்கின்றன என்று கேட்டுக்கொள்வாள். இப்படி நான்கு வருடம். பேசச் சொன்னால் பேசுவாளா என்று அவளுக்கே தெரியாது. கேட்டால் புரியும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி யாரும் கேட்டதும் இல்லை.

அக்டோபர் முதல் ஞாயிறு. மழை விட்டு விட்டுப் பெய்தது. எட்டு மணிக்கு வந்தவர்களின் காலணிச் சேறு முன்வாசல் முழுக்க அப்பியிருந்தது. பியூலா அதைத் துடைத்துவிட்டு வந்து கோபுர அறையில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அப்பா மணிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். திருவிருந்து நேரத்தில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும்.

ஆயர் அறிவிப்புகளை வாசிக்க ஆரம்பித்தார். புதன்கிழமை பாட்டுப் பயிற்சி. கல்லறைத் தோட்டத்தில் சாய்ந்த சைப்ரஸ் மரத்தை வெட்ட அனுமதி. பிறகு குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, இந்தச் சபையைச் சேர்ந்த, மனைவியை இழந்த பிரைட்டனுக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த, கணவனை இழந்த சசிகலாவுக்கும் என்று வாசித்தார். தடை அறிந்தவர் சொல்லலாம் என்றார். இது முதல் முறை என்றார்.

மனைவியை இழந்தவன் என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தை தெற்குச் சுவரில் மூன்று தகடுகளில் இருந்தது. அதை அவள் அகராதியில் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பியூலாவின் கை துணியைப் பிழிந்தபடியே நின்றது. அவள் தலையைத் தூக்கவில்லை. அப்பா தன்னைப் பார்ப்பது தெரிந்தது. ஒரு கணம்தான். பிறகு அவர் தோள் இறங்கியது. அடக்கி வைத்திருந்த மூச்சை மெதுவாக விட்டார்.

"அடுத்த வாரம் பீடத்துக்குப் பூ வெக்கற முறை எனக்கும் சசிகலாவுக்குமாம். அதைத்தான் வாசிக்கறாரு" என்றார் தாழ்ந்த குரலில்.

பெயரைக் கேட்டு அவள் ஏதாவது நினைத்துவிடக் கூடாது என்று சொன்னது அது. அறிவிப்பில் அவர் பெயர் வருவது புதிதில்லை. சசிகலாவின் பெயரும் பூ முறையில் மாதம் ஒரு தடவை வரும். பொருத்தமாகத்தான் யோசித்திருந்தார்.

"சரிங்கப்பா" என்றாள்.

சசிகலாவை அவளுக்குப் பிடிக்கும். எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை. புருஷன் லாரி கவிழ்ந்து செத்து ஆறு வருடம். கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள் விட்டுப்போகும் குழந்தைகளை ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் வரை பார்த்துக்கொள்வாள். அதில் ஒன்று அழுதால் பெயர் சொல்லி எதற்கு அழுகிறது என்று சொல்வாள். அவள் வீட்டுக்கு வருவதில் பியூலாவுக்கு என்ன வருத்தம்? அதை அவள் அந்த வாரம் முழுக்கத் தனக்குள் கேட்டுப் பார்த்தாள். அது ஒரு மாதிரி வலித்தது. ஆனால் தாங்க முடியாத வலி இல்லை. அம்மா இடம் என்பதெல்லாம் நான்கு வருடத்தில் அவளே நின்று நின்று தேய்ந்த இடம்தான்.

தாங்க முடியாதது வேறு. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதை அப்பா ஒரு கதவாக வைத்துச் சாத்திக்கொண்டிருந்தார். தெரியாமல் போனதற்குக் காரணம் அவர். அவருக்காக, அந்த வீட்டுக்காக, அந்த வாளிக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். அதையே எடுத்து அவளுக்கு எதிராகவே நிறுத்திவிட்டார்.

இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது, அதற்குள் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். சொல்வதற்கு வசதியாக இடம் விட்டுக் கொடுத்தாள். சோறு போட்டுவிட்டு எழுந்து போகாமல் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"என்ன கண்ணு, உனக்கு ஒடம்புக்கு முடியலையா?" என்றார் அப்பா.

"இல்லீங்கப்பா. நீங்க ஏதாச்சும் சொல்லோணும்னா சொல்லுங்க."

அவர் தட்டைப் பார்த்தார். "ரசத்துல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

இரண்டாம் ஞாயிறும் வந்தது. இந்தத் தடவை அப்பா அவள் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. ஆயர் வாசித்து முடித்ததும், கயிற்றில் முடிச்சைச் சரி செய்துகொண்டே, "பூ முறைதான். மறுக்கா சொல்றாரு" என்றார். பொய் பழகிவிட்டிருந்தது.

மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தைய நாள் சாயங்காலம் சசிகலா பூ வைக்க வந்தாள். கை நிறைய வெள்ளை லில்லி, ஈரம் சொட்டச் சொட்ட. பியூலா பெஞ்சுகளுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தாள். கோயிலில் வேறு யாரும் இல்லை. சசிகலா பூவைப் பீடத்தின் படியில் வைத்துவிட்டு நேராக அவளிடம் வந்து, பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, மெழுகு படிந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா யாருகிட்டயும் இப்பப் பேச வேண்டாம்னாரு. நாளைக்கோட முடியுதில்ல, இனி என்ன. எனக்கு உன்னப் பாக்கறதுக்கே வெக்கமா இருந்துச்சு பியூலா. நீ என்ன சொல்லுவியோன்னு ரெண்டு மாசம் தூக்கமே இல்ல. புள்ள சரின்னாத்தான் நான் சரிம்பேன்னு உங்கப்பாகிட்டக் கறாராச் சொல்லீட்டேன்."

பியூலா அவளையே பார்த்தாள்.

"நீ அழுதியாமா. சந்தோசத்துல. 'சித்தின்னு வேண்டாங்கப்பா, அம்மான்னே கூப்புட்டுக்கறேன்'னு சொன்னியாமா. அதக் கேட்டப்புறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு." சசிகலாவின் கண் நிறைந்திருந்தது. "எனக்குப் பொறந்திருந்தாக்கூட இப்படிச் சொல்லியிருக்காது."

அந்த வார்த்தைகளை அப்பா எங்கே உட்கார்ந்து யோசித்திருப்பார் என்று பியூலாவுக்குத் தோன்றியது. கல்லறைத் தோட்டத்திலா, சோற்றுத் தட்டுக்கு முன்னாலா. தன் வாயில் போட்டு அனுப்பிய அந்தப் பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அவளாகச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

"பூவு வாடீருமுங்க" என்றாள்.

அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்ட சசிகலா அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு எழுந்து போனாள்.

அன்று விளக்கு வைத்ததும் பியூலா அப்பாவின் முன்னால் போய் நின்றாள். அவர் அடுப்பருகே காலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். கேட்பதற்கு வேண்டிய வார்த்தைகளை மெழுகு போடும்போதே அடுக்கி வைத்திருந்தாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு என்ன அறிவிப்புங்கப்பா?"

அவர் கால் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் நெருப்பை நோக்கி நீண்டது.

"அறுப்பின் பண்டிகைக்குக் காய்கறி யாரு யாரு குடுக்கறாங்கன்னு. உனக்கெதுக்கு அந்த இங்கிலீசு சமாச்சாரமெல்லாம்? நமக்குப் பத்து மணிதானே."

"வேற ஒண்ணுமில்லீங்களா?"

"வேற என்ன இருக்கப் போவுது. போய்த் தூங்கு கண்ணு."

மறுநாள் காலையில் அவள் தரையைத் துடைத்துவிட்டு, வாளியை வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தலை வாரி, நீலச் சுடிதார் போட்டுக்கொண்டு, அம்மாவுடைய சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். முதல் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் கோபுர அறைக்குப் போகவில்லை. நடுவழியே நடந்து போய், இடது பக்கம் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். இத்தனை வருடம் அந்தப் பெஞ்சுக்கு மெழுகு போட்டிருக்கிறாள், உட்கார்ந்தது இல்லை. முதுகுப் பலகை இவ்வளவு நிமிர்ந்து இருக்கும் என்று தெரியாது.

பின்னால் மணி நடுவில் ஒரு தட்டுத் தவறியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துப் பெஞ்சிலிருந்த ஒரு மானேஜரம்மா அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தன் பாட்டுப் புத்தகத்தை நீட்டினாள்.

ஆயர் அறிவிப்புகளுக்கு வந்தார். அவர் சின்ன வயதுக்காரர், வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. பியூலாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவின் விசேஷத்துக்காக வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். வாசித்தார். தடை அறிந்தவர் சொல்லலாம் என்றார். இது மூன்றாம் முறை, கடைசி முறை என்றார்.

அந்த இடத்தில் எப்போதும் ஆயர் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். யாரும் எழுந்ததாக இதுவரை கதையில்லை. பியூலா எழுந்தாள். முன்பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இங்கிலீஷில்தான் சொன்னாள். தடை ஒன்றும் இல்லை என்றும், ஆனால் இதைத் தமிழ் ஆராதனையிலும் வாசிக்க வேண்டும் என்றும், அது தன் அம்மா உட்கார்ந்த ஆராதனை என்றும் சொன்னாள். நடுவில் ஒரு வார்த்தை தப்பாக வந்தது. திருத்திக்கொண்டு சொன்னாள்.

ஆயர் தலையைத் தூக்கிக் கோபுரப் பக்கம் பார்த்தார். "வாசிக்கிறேன்" என்று அவளுக்கும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். மானேஜரம்மா ஒன்றும் நடக்காதது போல அவளுக்கு அடுத்த பாட்டின் பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள்.

ஆராதனை முடிந்ததும் ஆயர் தன் அறைக் கதவோரம் அவளை நிறுத்தினார். "அப்பா உன்கிட்டக் கேட்டுட்டதா சொன்னாரேம்மா" என்றார். "இல்லீங்க ஐயா" என்றாள். அவர் அங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டார். "தமிழ்ல வாசிக்கட்டுமா, நிறுத்தி வைக்கட்டுமா?" என்றார். "வாசிங்க" என்றாள். அதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. எல்லாருக்கும் தெரியட்டும். தெரிந்தால் அப்பா செய்தது என்னவென்று அவர்களுக்குப் புரியும். யாராவது ஒருவராவது, உன்னிடம் சொன்னாரா என்று கேட்பார்கள்.

பத்து மணி ஆராதனையில் காணிக்கைப் பாட்டு முடிந்ததும் வாசித்தார்கள். கோயில் முழுக்கத் தலைகள் திரும்பின. பாட்டுக் குழுவில் சசிகலா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். மறைத்தாலும் சிரிப்பது தெரிந்தது. யாரும் கோபப்படவில்லை. யாருக்கும் அதிர்ச்சியும் இல்லை. நல்ல காரியம் என்ற முணுமுணுப்புதான் பெஞ்சு பெஞ்சாகப் போனது.

வெளியே மழை விட்டிருந்தது. பேச்சியக்கா கேட்டருகே டீ டிரம்மை வைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். பெண்கள் பியூலாவைச் சுற்றிக்கொண்டார்கள்.

"நல்லதாப் போச்சு கண்ணு. உனக்கும் ஒரு தொணையாச்சு."

"இனி இந்த வாளிய நீ தூக்க வேண்டாம். நீ படிக்கப் போலாம்."

"சசிகலா தங்கமான பொம்பள. உங்கொப்பன் குடுத்து வெச்சவன்."

"ஏம்புள்ள, எங்ககிட்டக்கூட ஒரு வார்த்த சொல்லல பாரு. அப்பனும் புள்ளையும் கமுக்கமா வெச்சிருந்தீங்களே" என்று ஒருத்தி அவள் இடுப்பில் கிள்ளினாள்.

பியூலா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கேட்பவர் யாரும் இல்லை. கல்யாணம் என்பது தப்பில்லை. அதைப் பெற்ற மகளிடம் மறைத்தார் என்பது அவர்களுக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. அவளும் சேர்ந்து மறைத்தாள் என்று வேறு நினைக்கிறார்கள்.

அப்பா கோபுரப் பக்கத்திலிருந்து வந்தார். வேட்டியைத் திருத்திக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஆண்கள் அவர் கையைக் குலுக்கினார்கள். அவர் பியூலாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. பிறகு சுற்றி நின்றவர்களின் சிரிப்பைப் பார்த்தார். பயம் கரைந்துபோனது.

"பிரைட்டனு, எட்டு மணின்னா எட்டு மணியோட போவும். நீ என்ன ரெண்டு வேளையும் வாசிக்க வெச்சுட்ட?" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர்.

"நான் எங்கீங்க வெச்சேன்?" அப்பா பியூலாவின் தோளில் கை போட்டு அவளை அணைத்துக்கொண்டார். குரல் உயர்ந்தது. "எல்லாம் என்ற புள்ள. காத்தால இங்கிலீசு ஆராதனையில எந்திரிச்சு நின்னு, இங்கிலீசுலயே சொல்லுச்சு, எங்கப்பன் கண்ணாலத்தத் தமிழ்லயும் வாசிக்கோணும், எல்லாரும் கேக்கோணும்னு. அத்தன சந்தோசம் அவளுக்கு. எனக்கே தெரியாதுங்க, இந்தப் புள்ளைக்கு இத்தன இங்கிலீசு வரும்னு."

எல்லாரும் "அடடா" என்றார்கள். சசிகலா கூட்டத்தின் ஓரத்தில் டீ டம்ளரோடு நின்று சிரித்தாள்.

அப்பாவின் கை தோளில் கனமாக இருந்தது. பெருமை உண்மையான பெருமைதான். அதுதான் பியூலாவுக்குப் பொறுக்கவில்லை. காலையில் உயிரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று சொன்னதையும் எடுத்து, திருப்பிப் போட்டு, பதக்கம் போலத் தன் சட்டையில் குத்திக்கொண்டுவிட்டார்.

"நான் அப்புடிச் சொல்லலீங்க" என்றாள்.

சத்தம் சின்னதாகத்தான் வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"சந்தோசம்னு நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. எங்கப்பா எங்கிட்டக் கேக்கவே இல்லீங்க. சொல்லவும் இல்லீங்க. ஐயா வாசிக்கறப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். பூவு வெக்கற முறை வாசிக்கறாங்கன்னு சொன்னாருங்க. ரெண்டு வாரமும் அப்படித்தான் சொன்னாருங்க."

அப்பாவின் கை தோளிலிருந்து இறங்கியது.

"நேத்துக்கூடக் கேட்டேன். காய்கறின்னாரு."

பேச்சியக்கா ஊற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினாள். யாரோ ஒரு பெரியவர், "சரி சரி, அதெல்லாம் ஊட்டுல பேசிக்கலாம்" என்றார். இடுப்பில் கிள்ளியவள், "நல்ல காரியத்துல எதுக்குக் கண்ணு இப்புடி" என்று முகத்தைச் சுளித்தாள்.

சசிகலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பியூலாவைப் பார்க்கவில்லை. நேராக அவரிடம்தான்.

"ஏனுங்க, புள்ள அழுதுச்சுன்னீங்க. அம்மான்னு கூப்புடறேன்னு சொல்லுச்சுன்னீங்க."

அப்பா தரையைப் பார்த்தார். "சொல்லும்னு நெனச்சேன். சொல்லத்தானே போவுது" என்றார்.

"நான் ஊட்டுக்குப் போறனுங்க" என்றாள் சசிகலா. டம்ளரைப் பேச்சியக்காவிடம் கொடுத்துவிட்டு, குடை எடுக்காமல் கீழ் ரோட்டில் இறங்கிப் போனாள்.

கூட்டம் கலைந்தது. கலைந்து போகிறவர்கள் பியூலாவைத்தான் பார்த்துக்கொண்டு போனார்கள். பேச்சியக்கா மட்டும் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள். "குடி. ஆறிப்போவும்" என்றாள்.

மத்தியானம் அப்பா சாப்பிட வரவில்லை. கோயில் முன்வாசல் திட்டில் உட்கார்ந்திருந்தார். பியூலா அவரைக் கடந்து உள்ளே போய், இரண்டு ஆராதனையின் சேற்றையும் சேர்த்துக் கழுவ ஆரம்பித்தாள். அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது: உனக்காகத்தானே கண்ணு.

நான்கு மணி இருக்கும். நடுவழியில் காலடிச் சத்தம் கேட்டது. சசிகலா. காலையில் கட்டியிருந்த பட்டுச் சேலை இல்லை. காப்பகத்துக்குப் போகும் பருத்திச் சேலையும் ஸ்வெட்டரும். ஈரத் தரையில் நிற்காமல் ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து நான் உன் கையப் புடிச்சுட்டு என்னமோ பெனாத்துனனே. அப்பவே நீ சொல்லியிருக்கலாமில்ல" என்றாள்.

"நீங்க அழுதீங்க" என்றாள் பியூலா.

சசிகலா தலையை ஆட்டினாள். "வழியில ஆயரையாவப் பாத்தேன். மூணு தடவ வாசிச்சாச்சு, ரெண்டு மாசத்துக்குச் செல்லும், அதுக்குள்ள எப்ப வேணா வெச்சுக்கலாம்னாரு. வெச்சுக்காட்டியும் ஒண்ணுமில்லையாம்." மூச்சை இழுத்து விட்டாள். "உங்கப்பன் மேல எனக்கு இருக்கற கோவத்த நான் பாத்துக்கறேன். அது எனக்கும் அவருக்கும். உங்கிட்டக் கேக்கறதுக்குன்னுதான் வந்தேன். நான் உங்க ஊட்டுக்கு வரட்டுமா, வேண்டாமா?"

முன்வாசல் திட்டில் அப்பா எழுந்து நிற்பது நிழலில் தெரிந்தது. அவர் உள்ளே வரவில்லை.

பியூலா துணியைப் பிழிய மறந்து கையில் வைத்திருந்தாள். தண்ணீர் முழங்கை வழியாக ஓடியது. வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தாள். அது உண்மை இல்லை. சரி என்பதும் உண்மை இல்லை. மூன்று வாரமாக, சொல்லவில்லையே, கேட்கவில்லையே என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

"தெரியலீங்க" என்றாள்.

"சரி" என்றாள் சசிகலா. "தெரியறப்ப சொல்லு. நீயே வந்து சொல்லு. யாருகிட்டயும் சொல்லி அனுப்பாத."

அவள் எழுந்து போகும்போது அப்பா வழி விட்டு ஒதுங்கினார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். அவள் நிற்கவில்லை.

பியூலா மீதித் தரையைக் கழுவினாள். பீடத்துப் படி வரை வந்தபோது, பின்னால் அப்பா உள்ளே வந்து நிற்பது தெரிந்தது. ஈரம் காயும் வரை மிதிக்கக் கூடாது என்பதால் வாசலிலேயே நின்றார்.

"பியூலா" என்றார்.

"காயட்டுங்கப்பா" என்றாள் அவள், திரும்பாமல்.